எர்த் கம்பி

சட்டையின் வலது கையை மேசைமேல் விரித்து, ஒரே மடிப்பை அக்கா நான்காவது முறையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிரேதப் பரிசோதனை பன்னிரண்டு மணிக்குள் முடிந்துவிடும், உடுத்திவிட ஒரு செட் துணி கொண்டுவாருங்கள் என்று மருத்துவமனையிலிருந்து சொல்லியிருந்தார்கள். தம்பியிடம் மேடைச் சட்டைகள் ஆறு இருந்தன, ஆறும் கறுப்பு. மற்றவற்றில் காலர் நைந்துபோகாதது இந்த வெளிர்நீலம் ஒன்றுதான். கிட்டாரின் விளிம்பு உரசி உரசி வலது விலாப் பக்கம் துணி மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் இஸ்திரிப் பெட்டியை அழுத்தாமல் ஓட்டினாள்.

தம்பி மனைவியின் அண்ணன் உள்ளே வந்தார். நீதிமன்றத்தில் தட்டச்சர். நேற்று மாலையிலிருந்து மருத்துவமனை, காவல் நிலையம், வீடு என்று அலைந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர் அவர்தான். சவரம் செய்யாத முகம், கையில் நாலாக மடித்த தாள். புகாரை அவரே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். அரங்கத்து எலக்ட்ரீஷியனின் கவனக்குறைவால் மைக்கில் மின்சாரம் பாய்ந்து தன் தங்கையின் கணவர் இறந்துபோனார் என்று அதில் இருந்தது. அந்த ஆளை நேற்று நிலையத்தில் உட்கார வைத்து விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்களாம். இந்தப் புகார் பதிவானால் உள்ளே வைப்பார்கள். மின்துறை ஆய்வாளர் வர இன்னும் இரண்டு நாள் ஆகும். அதற்கு முன்னால், கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் தம்பியின் ஆம்ப் பெட்டி பற்றி ஒன்றே ஒன்று வேண்டும் என்றார்.

“ஆம்ப் நல்ல கண்டிஷன்ல இருந்துச்சுன்னு நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தா போதும்க்கா. இந்த ஊர்ல ஆம்ப் விஷயத்துல உங்க பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.”

“திறந்து பாக்காம எழுத முடியாது.”

“பாருங்க. எல்லாம் முடிஞ்சு வந்து பாத்தா போதும்.”

அவர் போன பிறகு சட்டையின் பித்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். திறந்து பார்க்க வேண்டியதே இல்லை. நேற்று ஆறு மணிக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நேற்று ஐந்தரைக்கு அரங்கத்தில் சவுண்ட் செக். ஏதோ ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழா. கூட்டம் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது, நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி ஆம்பை ஆன் செய்துவிட்டு, வால்வுகள் சூடாகும்வரை அதன் தலைமேல் கை வைத்து நின்றானாம், காய்ச்சல் பார்ப்பதுபோல. பிறகு கிட்டாரை மாட்டி கம்பிகளைச் சேர்த்து அழுத்தி நாலு கார்டு வாசித்தான். வாசித்தபடியே மைக் அருகில் போய் உதட்டை வைத்து “செக்” என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே விறைத்துப் பின்னால் வளைந்தான். மேடையில் அவன் வழக்கமாகக் காட்டும் சேட்டை என்று நினைத்து, குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கும் பேஸ்காரன் சிரித்திருக்கிறான். ஒரு நொடி கழித்து மைக் ஸ்டாண்டை எட்டி உதைத்துத் தள்ளியதும் அவன்தான். உதைத்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சிரித்ததை மட்டும் வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மருத்துவமனையில் முதலில் அக்காவைத்தான் உள்ளே விட்டார்கள். இடது கை போர்வைக்கு வெளியே கிடந்தது. இருபத்தைந்து வருடமாகக் கம்பியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள். மூன்று விரல்களின் குறுக்கே, பழுப்பு நூலை ஒட்டிவைத்ததுபோல மெல்லிய கோடுகள். கீழுதட்டில் ஒரு கொப்புளம். டாக்டர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். மின்சாரம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போயிருக்கும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டின் முன்னறைதான் அவளுடைய பட்டறை. பாலிடெக்னிக் முடித்த கையோடு ரேடியோ, டிவி என்று ஆரம்பித்தவள். அவற்றைப் பழுது பார்க்கக் கொண்டுவருவோர் குறைந்துபோன காலத்தில், தம்பியின் சிநேகிதர்கள் ஒவ்வொருவராக ஆம்பைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். கிட்டார்காரர்கள் பேசுவது தனி பாஷை. “சத்தம் குளிருதுக்கா” என்பான் ஒருவன். “கிழிய மாட்டேங்குது” என்பான் இன்னொருவன். ஆம்ப் அடித்தொண்டையில் பேசுகிறது, மூக்கால் பேசுகிறது, சாப்பிடாதவன் மாதிரி பேசுகிறது என்றெல்லாம் சொல்வார்கள். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, ஸ்க்ரூக்களைக் கழற்றி, அந்தப் பேச்சையெல்லாம் கெபாசிட்டராகவும் ரெசிஸ்டராகவும் மொழிபெயர்த்துச் சரிசெய்து கொடுப்பாள். கேபிளின் நிறத்தை மாற்றியதும் ஒலியே மாறிவிட்டது என்று சத்தியம் செய்தவன்கூட உண்டு. அவனோடு அவள் வாதாடவில்லை.

தம்பியின் ஆம்ப் மூடப்போன ஒரு கிளப்பிலிருந்து வந்தது. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம், பின்னால் நாலு கண்ணாடி வால்வுகள். அதன் வால்யூம் திருகியை அவன் எப்போதும் ஏழில்தான் வைப்பான். ஆறில் பேசும், எட்டில் கத்தும், ஏழில்தான் பாடும் என்பான். குழுவில் அவன் பெயரே ஏழு என்றாகிவிட்டது. சவுண்ட் இன்ஜினியர்கள் வந்து நாலுக்குக் குறைப்பார்கள். அவர்கள் முதுகைத் திருப்பியதும் இவன் மெல்ல மெல்ல ஏழுக்கு ஏற்றிவிடுவான். பாதிக் கச்சேரி அந்தச் சண்டையிலேயே ஓடும். “இவன் பொண்டாட்டிக்கு ரெண்டாவது இடம்தான்” என்று பேஸ்காரன் சொல்வதை அவன் மனைவியே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வாள்.

ஆம்பில் ஒரு குறை மட்டும் இருந்தது, முனகல். தம்பி வாசிப்பதை நிறுத்தினால் ம்ம்ம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஆம்பும் அரங்கத்து மைக் செட்டும் தனித்தனி வழியாக எர்த்தில் இணைந்திருக்கும்போது நடுவே சுற்றிச் சுற்றி வருகிற முனகல் அது. “என்னடா, உள்ள தேனீ வளக்கிறியா?” என்று பேஸ்காரன் மைக்கிலேயே கேட்டுவிட்டான். கூட்டம் சிரித்தது. பதினொரு மாதத்துக்கு முன்னால் அது. மறுநாள் காலை தம்பி ஆம்பைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்தான்.

சரி செய்ய முறையான வழி இருந்தது. ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியை நடுவில் போட வேண்டும். அதை வரவழைக்க இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அவனுக்கோ அன்று சாயங்காலமே கச்சேரி. ஊரில் பாதிப் பேர் செய்வதைத்தான் அவனும் கேட்டான். எர்த்தை எடுத்துவிடு, முனகல் நின்றுவிடும். ஆம்புக்குள் போகிற மூன்று கம்பிகளில் பச்சைக் கம்பிக்கு வேறு வேலை கிடையாது. உள்ளே எங்காவது மின்சாரம் தவறி இரும்புச் சட்டத்தில் ஏறிவிட்டால் அதை மண்ணுக்குள் இறக்கி ஃபியூஸைப் போக்கிவிடும், அவ்வளவுதான். அப்படித் தவறாதவரை அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. மற்றவர்கள் வந்து கேட்டால் அவள் முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுவாள். தம்பி கேட்டதற்கு வெட்டிக் கொடுத்தாள். முனையில் மஞ்சள் டேப் சுற்றினாள். எந்த வேலை செய்தாலும் உள்பக்கத்தில் தேதி எழுதுகிற வழக்கப்படி, மார்க்கரால் தேதியைப் போட்டு “எர்த் எடுத்தது, தற்காலிகம்” என்று எழுதினாள். மைக்கைத் தொடாதே என்று அவனிடம் இரண்டு தடவை சொன்னாள். நான் எதுக்குக்கா மைக்கைத் தொடப்போறேன், நான் பாடினா சனம் எந்திரிச்சுப் போயிடும் என்றான்.

டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி மூன்றாவது வாரமே வந்துவிட்டது. ஆம்ப்தான் வரவில்லை. திங்கட்கிழமை கொண்டுவருகிறேன், புதன்கிழமை கொண்டுவருகிறேன் என்றான். கச்சேரிக்கு மேல் கச்சேரி. அவளுக்கும் வேலை இருந்தது. பெட்டி பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது.

ஒரு மணிக்குத் தம்பியைக் கொண்டுவந்தார்கள். கூடத்தில் கிடத்தினார்கள். நீலச் சட்டை அவனுக்குச் சரியாக இருந்தது. தம்பி மனைவி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, அழாமல், அவனுடைய இடது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டார்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வெயிலிலும் கறுப்புச் சட்டையும் பூட்ஸுமாக வந்தவர்கள், நீண்ட முடியை ரப்பர் பேண்டில் முடிந்தவர்கள், தம்பியிடம் முதல் மூன்று கார்டு கற்றுக்கொண்டு அதோடு விட்டுவிட்ட ஒரு வங்கி மேலாளர். வெளியே நின்று தணிந்த குரலில் அரங்கத்து வயரிங்கைத் திட்டினார்கள். ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். எனக்கும் ஒரு தடவை அடிச்சுது, எனக்கும் ஒரு தடவை தூக்கிப் போட்டுது என்று. அதில் மூன்று பேருடைய ஆம்புகளில் எர்த் கம்பி இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும். அவர்கள் வேறு யாரிடமோ போய் வெட்டிக்கொண்டவர்கள்.

மூன்று மணி சுமாருக்கு வாசலில் சலசலப்பு. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். சட்டைப் பையில் டெஸ்டர் செருகியபடியே இருந்தது. அரங்கத்து எலக்ட்ரீஷியன். தட்டச்சர் நாலே எட்டில் போய் அவர் காலரைப் பிடித்துவிட்டார். எலக்ட்ரீஷியன் கையைத் தூக்கவில்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை. பேஸ்காரன் ஓடிப்போய் விலக்கினான். அக்கா இறங்கிப் போய் அவரை மதில் ஓரமாக அழைத்துக்கொண்டு போனாள்.

அவர் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். அரங்கத்துப் பழைய சவுண்ட் மிக்ஸரை அவளிடம் அனுப்பிச் சரி செய்துகொண்டதைச் சொன்னார். சொல்லிவிட்டு, எதற்கு அதைச் சொன்னோம் என்பதுபோலத் தயங்கினார்.

“நேத்து மத்தியானம்தான் மேடையில எல்லா பிளக் பாயின்ட்டும் செக் பண்ணேன். எர்த் எல்லாம் சரியா இருந்துச்சு. அப்படித்தான் எழுதியும் குடுத்தேன். ராத்திரி பூரா உக்காந்து யோசிச்சேன்மா. எங்கியோ விட்டிருக்கேன் போல. முப்பது வருஷம் இந்த வேலை. நீங்க தெரிஞ்சவங்க. எங்க விட்டேன்னு எனக்குச் சொல்லிடுங்க. அது தெரியாம என்னால ஒரு வயரைத் தொட முடியல.”

அவர் எங்கும் விடவில்லை. மேடையில் இருந்த மைக் அவ்வளவு ஒழுங்காக எர்த்தோடு கட்டப்பட்டிருந்தது. தம்பியின் உடம்பில் ஏறிய மின்சாரத்துக்கு வெளியேற அவ்வளவு நல்ல வழி கிடைத்தது. அவர் வேலையில் அரைகுறையாக இருந்திருந்தால் ஒருவேளை ஒரு சுள்ளென்ற அடியோடு போயிருக்கும். இதையெல்லாம் சொல்ல வாய் திறந்தாள். உள்ளே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

“நீங்க இப்போ போங்க. நான் வந்து சொல்றேன்,” என்றாள்.

நாலு மணிக்கு எடுத்துப் போனார்கள். அடக்கம் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஒரு கிட்டார்காரன் வாசிக்கட்டுமா என்று கேட்டான். தம்பி மனைவி வேண்டாம் என்று தலையசைத்தாள். திரும்பி வந்ததும் அவள் மாடிக்குப் போய்விட்டாள். மாடியில்தான் தம்பியும் அவளும் குடியிருந்தார்கள். அக்கா கை கால் கழுவிக்கொண்டு பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஆம்ப் மேசைக்குக் கீழே இருந்தது. நேற்று ஆளாளுக்கு ஓடியதில், ட்ரம்ஸோடு சேர்த்து அதையும் யாரோ வேனில் ஏற்றிவிட்டார்கள். போலீஸ் வருவதற்குள் அது வீடு வந்து சேர்ந்துவிட்டது. ஆய்வாளர் வரும்வரை கை வைக்காதீர்கள் என்று நிலையத்திலிருந்து போனில் சொன்னதோடு சரி. பின்பலகையின் எட்டு ஸ்க்ரூக்களையும் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தாள். மஞ்சள் டேப் அப்படியே இருந்தது. அவள் கையெழுத்தும் இருந்தது. மீட்டரை எடுத்து, பெருவிரல் அளவுக்குப் பழுப்பு நிறத்தில் இருந்த பழைய கெபாசிட்டரின் இரு முனையிலும் வைத்தாள். மீட்டர் நிற்காமல் கூவியது. அது உள்ளே உடைந்து மின்சாரத்தை நேராக இரும்புச் சட்டத்துக்கு விட்டிருக்கிறது. சட்டத்திலிருந்து கேபிள், கேபிளிலிருந்து கிட்டார் கம்பி, கம்பியிலிருந்து அவன் விரல். எர்த் இருந்திருந்தால் டப்பென்று ஃபியூஸ் போயிருக்கும். தம்பி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு அவளுக்குப் போன் போட்டிருப்பான்.

சால்டரிங் அயர்னை எப்போது சொருகினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அது சூடாகிவிட்டிருந்தது. பச்சைக் கம்பியை ஒட்ட இரண்டு நிமிடம் போதும். எழுத்தை ஸ்பிரிட் தொட்டு ஒரு துடை துடைத்தால் போய்விடும். டேப்பை உரித்தாள். கம்பியின் முனை செம்பு நிறம் மாறாமல் பளபளவென்று இருந்தது.

கதவைத் தட்டிவிட்டுத் தட்டச்சர் எட்டிப் பார்த்தார். திறந்திருந்த ஆம்பையும் அவள் கையில் இருந்த அயர்னையும் பார்த்தார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

“உள்ள ஏதாவது ஏடாகூடமா இருந்தா சரி பண்ணிடுங்கக்கா. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம். அவரே ஏதோ பண்ணிச் செத்தார்னு நாளைக்கு ஒருத்தன் வாய்ல வரக்கூடாது. என் தங்கச்சி அதைக் கேக்கக்கூடாது.”

அதுவரை அவள் அப்படி யோசித்திருக்கவில்லை. எழுத்தை மட்டும் அழித்துவிட்டுச் சும்மா இருந்தால் பழி தம்பிமேல் விழும். கம்பியை ஒட்டிவிட்டால் எலக்ட்ரீஷியன்மேல் விழும். அயர்னைப் பிளக்கிலிருந்து உருவி அதன் ஸ்டாண்டில் வைத்தாள். தட்டச்சரிடம், கொஞ்சம் இருங்கள், நான் மாடிக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள்.

தம்பி மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மைக்குக்குப் போடும் கறுப்புப் பஞ்சு உறை ஒன்றைக் கையில் வைத்து அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பதினொரு மாதத்துக்கு முந்தைய அந்தக் காலையிலிருந்து ஆரம்பித்து, தேனீ, பச்சைக் கம்பி, டேப், வந்து கிடக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ரிப்பேருக்கு வந்தவர்களிடம் பழுதைச் சொல்கிற அதே குரலில்தான் சொல்ல முடிந்தது.

“தெரிஞ்சுதான் வெட்டினீங்களா அண்ணி?”

“தெரிஞ்சுதான்.”

“அவருக்கும் தெரியுமா?”

“தெரியும். மைக்கைத் தொடாதேன்னு சொல்லித்தான் குடுத்தேன். அப்போ அவன் பாடல.”

அவன் பாட ஆரம்பித்து நாலு மாதம்தான் ஆகிறது. குழுவில் பாடிக்கொண்டிருந்தவன் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். சமையலறையில் பாத்திரம் கழுவும்போது தம்பி பாடுவதைக் கேட்டிருந்த அவன் மனைவி, நீங்களே பாடுங்களேன் என்று விடாமல் சொல்லி மேடையேற்றினாள். அவனுக்கு நல்ல குரல் இருந்தது எல்லோருக்கும் ஆச்சரியம்.

“பாடச் சொன்னது நான்தான்,” என்றாள் தம்பி மனைவி.

“அதில்ல. இன்னும் ஒண்ணு இருக்கு.” இதை மட்டும் அக்காவால் அதே குரலில் சொல்ல முடியவில்லை. “ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நாம ரெண்டு பேரும் போய் மூணாவது வரிசையில உக்காந்தோமே. அவன் முத முதலா தனியாப் பாடினான்.”

“நீங்க எழுந்து நின்னு கைதட்டினீங்க.”

“கைதட்டும்போதுதான் கம்பி ஞாபகம் வந்துச்சு. அவன் உதடு மைக்ல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இறங்கி வந்ததும் சொல்லணும்னு நினைச்சேன். இறங்கி வந்தான், எப்படிக்கா இருந்துச்சுன்னு கேட்டான். அவன் மூஞ்சியப் பாத்ததும் காலையில சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். காலையில ரெண்டு பேர் ஆம்போட வந்து நின்னாங்க.”

தெருவில் யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டு போனார்கள். தம்பி மனைவி பஞ்சு உறையை மடியில் வைத்தாள்.

“மைக் கிட்ட போனா உதட்டுல எறும்பு கடிக்குதுன்னு சொன்னார். போன மாசம். ரொம்ப முத்தம் குடுக்காதீங்கன்னு நான் சிரிச்சேன். அப்புறம் இதை வாங்கிப் போட்டுக்கிட்டார். நேத்து மேசைமேலயே வச்சுட்டுப் போயிட்டார்.”

எறும்பு இல்லை, கசிகிற மின்சாரம் அது. அக்கா நிமிர்ந்தாள். “என்கிட்ட சொல்லலியே.”

“உங்ககிட்ட சொன்னா ஆம்பைப் பிடுங்கி உள்ள வச்சுடுவீங்க, திரும்பி வர ஒரு மாசம் ஆகும்னார். சொல்லாதேன்னார். நானும் சொல்லல.”

பிடுங்கித்தான் வைத்திருப்பாள். அன்றைக்கே வைத்திருப்பாள்.

“இதை எதுக்கு இப்போ என்கிட்ட சொன்னீங்க?” தம்பி மனைவியின் குரலில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. “ஒரு மாசம் கழிச்சு சொல்லியிருக்கலாமே அண்ணி. இன்னிக்கு ஒரு நாளாவது அவரை மட்டும் நினைச்சுக்கிட்டு இருந்திருப்பேன்.”

எலக்ட்ரீஷியன் மதில் ஓரத்தில் நின்று கேட்டதை அக்கா சொன்னாள். தட்டச்சரின் தாளைப் பற்றியும் சொன்னாள். தம்பி மனைவி கேட்டுவிட்டு, மடியிலிருந்த பஞ்சு உறையை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

“போய்ச் சொல்லிட்டு வாங்க. எறும்பு விஷயத்தை மட்டும் அங்க சொல்லாதீங்க. அது எனக்கும் அவருக்கும் நடுவுல இருக்கட்டும்.” அக்கா எழுந்து கதவுவரை போனதும் மறுபடி சொன்னாள். “கொஞ்ச நாளைக்கு மாடிக்கு வராதீங்க அண்ணி. நானே இறங்கி வர்றேன், வரணும்னு தோணும்போது.”

கீழே தட்டச்சர் விஷயத்தைக் கேட்டதும் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உங்கள் மேலேயே வழக்குத் திரும்பும், இருபது வருடமாக நான் தட்டச்சு செய்து கொடுப்பதே இந்த மாதிரிக் காகிதங்களைத்தான், எனக்குத் தெரியும் என்றார். பட்டறையை மூட வேண்டி வரலாம் என்றார். அவளுக்காகத்தான் சொல்கிறாரா, தன் வேலை வீணாகிறதே என்று சொல்கிறாரா என்று அவருக்கே தெளிவில்லை. மேலே கதவு திறந்தது. தம்பி மனைவி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, “அண்ணா, விடுங்க” என்றாள். அவர் புகார்த் தாளை எடுத்து, இன்னொரு மடிப்பு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நகர்ந்து வழிவிட்டார்.

பின்பலகையை மாட்டாமல், உரித்த டேப்பைத் தனியே ஒரு உறையில் போட்டு, ஆம்பைப் பேஸ்காரனின் வேனில் ஏற்றினார்கள். வழியில் அவனிடமும் நடந்ததைச் சொன்னாள். காவல் நிலையம் வந்ததும் அவன் இன்ஜினை நிறுத்திவிட்டு, என் ஆம்பிலும் எர்த் இல்லைக்கா என்றான். நாளைக்குக் கொண்டு வா என்று சொல்ல வந்தவள், “இன்னிக்கே கொண்டு வந்து வச்சுட்டுப் போ” என்றாள்.

இன்ஸ்பெக்டர் அவள் சொன்னதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். டேப்பை ஏன் உரித்தீர்கள் என்றார். மறுபடி ஒட்டிவிடலாம் என்று பார்த்தேன் என்றாள். அதையும் எழுதச் சொன்னார். எழுதினாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்ததையும் எழுதினாள். அது தேவையில்லையே என்றார் அவர். இருக்கட்டும் என்றாள். எறும்பு கடித்ததை எழுதவில்லை. இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. இது எந்தப் பக்கம் போகும் என்று இப்போது சொல்ல முடியாது, மின்துறை ஆய்வாளர் பார்த்த பிறகுதான் தெரியும், ஊரைவிட்டு எங்கும் போக வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார்.

எலக்ட்ரீஷியனையும் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். அவர் வந்து வராந்தா பெஞ்சில் நுனியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பை. மாற்றுத் துணி எடுத்துவந்திருக்கிறார் என்று பார்த்ததும் தெரிந்தது. அக்கா வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க எங்கியும் விடல. உங்க எர்த் சரியா இருந்துச்சு. ஆம்ப்லதான் இல்ல. வெட்டினது நான்.”

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த காணாமல் போனவர்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள கெபாசிட்டரா?” என்று கேட்டார் கடைசியில்.

“ஆமா. பழசு. ஷார்ட் ஆயிடுச்சு.”

“எர்த் இருந்திருந்தா ஃபியூஸ் போயிருக்கும்.”

“போயிருக்கும்.”

“நான் ராத்திரி பூரா...” என்று ஆரம்பித்தார். பையைத் திறந்தார், உள்ளே பார்த்தார், மூடினார். எழுந்து போய்விடுவார் என்று அவள் நினைத்தாள். போனால் நியாயம்தான். அவர் உட்கார்ந்தே இருந்தார்.

இன்ஸ்பெக்டர் உள்ளிருந்து குரல் கொடுத்தார், வேனில் இருப்பதைப் பின்னறையில் கொண்டுபோய் வைக்கச் சொல்லி. அங்கே இருந்த ஒரே காவலர் தொலைபேசியில் இருந்தார். பேஸ்காரன் தன் ஆம்பை எடுத்துவரப் பக்கத்துத் தெருவிலிருந்த தன் வீட்டுக்கு நடந்தே போய்விட்டிருந்தான். அக்கா வேனின் பின்கதவைத் திறந்து ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நகர்ந்தது, இறங்கவில்லை.

எலக்ட்ரீஷியன் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். முதலில் கேபிளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தார். இருவரும் தூக்கினார்கள். அவர் முன்னால் பார்த்து வந்தார், அவள் பின்பக்கமாக நடந்தாள். வராந்தா விளக்கை அப்போதுதான் யாரோ போட்டார்கள்.

“படி இருக்கும்மா. பாத்து,” என்றார்.

அவள் காலால் துழாவி முதல் படியைக் கண்டுபிடித்தாள்.